ஒரு நம்பர் பெரிய ஷூ

அன்புள்ள சாமு,

போன செவ்வாய்க்கிழமை வேலூரில் டாக்டரம்மா உன் கை, கால் எக்ஸ்ரே படங்களை வெளிச்சப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினாரே, அப்போது நான் மூச்சு விட்டேனா என்பதே எனக்கு நினைவில்லை. ஒரு பக்கம் நான்கு வருடத்துக்கு முன்பு எடுத்தவை, மறுபக்கம் அன்று காலையில் எடுத்தவை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். கடைசியில், "எது பழசு, எது புதுசுன்னு தேதியப் பாத்தாதான்மா தெரியுது" என்றார். நீ சிரித்துவிட்டு, அடித்துக்கொண்டிருந்த செல்போனோடு வெளியே போய்விட்டாய். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான்கு வருடமாக உன் எலும்பில் ஒன்றுமே நடக்கவில்லை! ஒன்றும் நடக்காத ஒரு படத்தைப் பார்க்க ஒருத்தி ஒன்பது வருடம் ஏங்கினாள் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆம்பூர் பஸ்ஸில் உனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு, பள்ளிகொண்டா தாண்டும்வரை மனசுக்குள் கைதட்டிக்கொண்டே வந்தேன். நாம் ஜெயித்துவிட்டோம், சாமு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதில் ஒரு பகுதி உனக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை நீ புனேவுக்கு ரயில் ஏறுகிறாய். முதல் வேலை, முதல் சம்பளம், முதல் வாடகை அறை. ரயிலைப் பற்றியும் அங்கே கிடைக்கும் சாப்பாட்டைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை என்றால் உன் அப்பா நம்பமாட்டார், நீயாவது நம்பு. என் பயம் ஒன்றே ஒன்றுதான். நீ நன்றாக இருக்கிறாய். நன்றாக இருக்கிறவனுக்குத்தான் மாத்திரை மறந்துபோகும். அங்கே உன் மூட்டுகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? இத்தனை நாள் பார்த்துக்கொண்ட நான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்பதை நீ தெரிந்துகொள்ளாமல் போகக்கூடாது என்றுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் பேனாவை எடுத்தேன். தாமதமாக எழுதுகிறேன், தெரியும். நீ சம்மதித்தால் நம் ஊர் அம்மாக்கள் நாலு பேராவது இதைப் படிக்கட்டும்.

தொண்ணூற்றேழில் நீ ஆறாம் வகுப்பு. எனக்கு முப்பத்திரண்டு வயது. கெமிஸ்ட்ரி பட்டத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு ஷூ கம்பெனியில் செக்கிங் மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தேன். துணியில் தப்பாகப் போட்ட தையலைப் பிரித்தால் தடம் தெரியாது; தோலில் ஊசி ஒரு தரம் தப்பாக இறங்கினால் அந்தத் துளை என்றைக்கும் போகாது. அப்படி ஒரு துளை இருக்கிற ஜோடியைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் என் வேலை. ஒதுக்கியதைக் கம்பெனியே தொழிலாளிகளுக்கு மலிவாகக் கொடுக்கும். அதனால் உன் வகுப்பிலேயே நல்ல ஷூ உன்னுடையதுதான். அந்த ஆடியில் உன் வலது காலில் இரண்டாவது விரல் வீங்கியது. மூட்டு மட்டும் வீங்கவில்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனாக, கோவைப்பழம் மாதிரி சிவந்து நின்றது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஷூ கடிச்சிருக்கு" என்றேன்.

வேறு எந்த ஊர் அம்மாவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். நான் ஷூ கம்பெனிக்காரி. எனக்குக் காலில் எது வந்தாலும் அது ஷூவின் குற்றம். மறுநாள் எங்கள் லைன் சூப்பர்வைசர் மல்லிகாவிடம் சண்டைக்கே போனேன். "இந்த மாடலுக்குப் போடுற அச்சு முன்னால குறுகலா இருக்குதுன்னு நான் சொல்லலையா? என் புள்ள விரலைப் பாரு." மல்லிகா வெற்றிலைச் சிவப்போடு சிரித்தாள். "யக்கா, அதே அச்சுல செஞ்சத கப்பல் கப்பலா வெள்ளைக்காரன் வாங்கிப் போட்டுக்கினு நடக்கிறான். அவனயெல்லாம் வுட்டுட்டு உன் புள்ளைய மட்டும் தேடிவந்து கடிக்குதா?" சொல்லிக்கொண்டே ஒரு நம்பர் பெரிய ஜோடியை எடுத்துக் கொடுத்தாள். விரல் ஒரு மாதத்தில் வடிந்தது. தானாக வடிந்ததை நான் வைத்தியம் பார்த்து வடிந்ததாக நினைத்துக்கொண்டேன். மறுபடி வீங்கியபோது இன்னொரு நம்பர் பெரியது. இடது கால் சாதாரணமாக இருந்ததால் அந்த ஷூ கழன்றுபோனது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். ஒதுக்கின ஜோடிகளிலிருந்து வலதுக்கு ஐந்தாம் நம்பர், இடதுக்கு நாலாம் நம்பர் என்று பொறுக்கி, நூல் நிறம்கூட மாறாமல் உனக்கென்று ஒரு ஜோடி சேர்த்தேன். எவ்வளவு பெருமை எனக்கு! உன் வகுப்பு டீச்சரிடம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

இப்படி இரண்டு வருடம் ஓட்டினேன். நோய்க்கு இடம் போதவில்லை என்றபோதெல்லாம் நானே பெரிய வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும், "அம்மா, கால் வரமாட்டேங்குது" என்பாய். குதிகாலை ஊன்றமாட்டாய். பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிடும், இன்டர்வெல்லில் ஓடுவாய். "பள்ளிக்கூடம் போகத்தான் கால் வராது, கோலி ஆட வருமா?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு நாள் கையையும் ஓங்கியிருக்கிறேன். உன் நகங்களில் குண்டூசியால் குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. தோலில் ஒரு ஊசித்துளையை முழ தூரத்திலிருந்து பிடிக்கிறவள், என் பிள்ளையின் நகத்தில் பத்துத் துளை பார்த்துவிட்டு, "கால்சியம் கம்மி" என்று சொல்லி ஒரு டம்ளர் பால் ஜாஸ்தி கொடுத்தேன். தலையில் செதில் செதிலாக உதிர்ந்ததைப் பொடுகு என்றேன்.

என்னைத் திருத்தியது மல்லிகாதான். மூன்றாவது தரம் பெரிய நம்பர் கேட்டபோது, "பழசக் கொண்டாயேன் பாக்கலாம்" என்றாள். கொண்டுபோனேன். மேலே பார்க்காமல் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "யக்கா, இங்க பாரு. வலது கால்ல குதி வெளிப்பக்கமா மட்டும் தேஞ்சிருக்குது. முன்னால விரல் ஊணுற இடம் புதுசு கணக்கா இருக்குது. ஷூ கடிச்சா தோல்தான் போவும். இவன் விரல ஊணுறதே இல்ல. உள்ள எலும்புல இன்னாவோ இருக்குது." பிறகு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "செக்கிங்ல உக்காந்துக்கினு ஜோடிய மேலாக்க மட்டும் பாத்துட்டியே!" என்றாள். அந்த அவமானத்துக்கு இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்கிறேன். அடுத்த வாரமே அப்பாவையும் இழுத்துக்கொண்டு மூன்று பேரும் வேலூருக்குப் போனோம்.

அங்கே நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். நீ அந்த அறையில் இருந்த பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தாய். டாக்டரம்மா உன் நகத்தைத் திருப்பிப் பார்த்தார், காதுக்குப் பின்னால் முடியை விலக்கிப் பார்த்தார். "வீட்ல யாருக்காவது தோல்ல செதில் செதிலா இருக்கா?" என்றார். "இல்லைங்க" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். "இவங்கப்பாவுக்கு முழங்கையில இருக்கு. ஆனா அது தோல் ஷாப் அரிப்புங்க, குரோம் ஒத்துக்கல." நம் ஊரில் தோல் பதனிடும் இடத்துக்குப் பெயர் ஷாப், தோலை ஊறவைக்கும் ரசாயனம் குரோம்; ஷாப்பில் வேலை செய்கிறவன் உடம்பில் எது வந்தாலும் அது குரோம் அரிப்பு. டாக்டரம்மா அப்பாவை முழுக்கைச் சட்டையை மடிக்கச் சொன்னார். வெள்ளி மாதிரிப் பளபளக்கிற படை. "குரோம் தண்ணியில எது முங்கும்?" "கைங்க." "உள்ளங்கைய காட்டுங்க." அப்பாவின் உள்ளங்கை சுத்தமாக இருந்தது. "வேற எங்கயாவது இருக்கா?" அப்பா தலையைச் சொறிந்துகொண்டே, "தலையில கொஞ்சம்" என்றார். "தலையாலயா தோல் பதப்படுத்துறீங்க?" அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பதினைந்து வருடமாக ஒரே கட்டிலில் படுத்தவர் உடம்பில் இருந்தது சோரியாசிஸ் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது தோலோடு நிற்காமல் சிலருக்கு மூட்டுக்குள் போகும், சில சமயம் பிள்ளைகளுக்கும் வரும் என்பதும் அப்போதுதான். "ஷாப்புக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்" என்று அப்பா பஸ்ஸில் சொன்னார். குரலில் அழுகை இருந்தது.

உன் விரலின் படத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். நான் படித்த கெமிஸ்ட்ரியில் எலும்பு என்பது சுண்ணாம்பும் பாஸ்பேட்டும், அவ்வளவுதான். டாக்டரம்மா வேறு மாதிரிச் சொன்னார். எலும்புக்குள் ஓயாமல் வேலை நடக்கிறது. ஒரு வகை செல் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும். இன்னொரு வகை அதே இடத்தில் புதிதாகப் பூசும். எடுத்த அளவுக்கு வைத்துக்கொண்டே போவதால்தான் எலும்பு எலும்பாக இருக்கிறது. தசைநார் எலும்பில் போய் ஒட்டுகிற இடத்தில் இந்த நோய் நெருப்பு மூட்டுகிறது. குதிகாலில் வலி, விரல் முழுவதும் வீக்கம், நகத்தில் குழி, எல்லாம் அந்த நெருப்புதான். நகமும் நுனி மூட்டோடு நாரால் கட்டப்பட்டதுதானே. நெருப்பு பற்றினதும் கரைக்கிற கூட்டம் வெறி பிடித்த மாதிரிக் கரைக்கும். பூசுகிற கூட்டமும் சும்மா இருக்காது. வேண்டாத இடத்தில் பூசும். எங்கள் கம்பெனியில் தோலின் ஓரத்தை மடிப்பதற்காக ஸ்கைவிங் மெஷினில் கொடுத்து மெல்லியதாகச் சீவுவோம். உன் விரலெலும்பின் நுனி அப்படித்தான் சீவப்பட்டிருந்தது. பக்கத்தில், பசை வழிந்து காய்ந்த மாதிரி, யாரும் கேட்காத புது எலும்பு. "மத்த வாதத்துல பெரும்பாலும் எலும்பு அரிச்சுப் போறது மட்டும்தான். இதுல ஒரே மூட்டுல அரிப்பும் நடக்கும், வளர்ச்சியும் நடக்கும். போன எலும்பு திரும்பாது. இருக்கிறத காப்பாத்தலாம். நிச்சயமா காப்பாத்தலாம்" என்றார். அந்த 'நிச்சயமா'வைப் பிடித்துக்கொண்டுதான் நான் வீடு திரும்பினேன்.

வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டால் விஷம் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள். மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. ஆறு மாதத்தில் நீ காலையில் குதித்து இறங்கினாய். பத்தாம் வகுப்பில் இரண்டு காலுக்கும் ஒரே நம்பர் ஷூ போட்டாய். நான் மல்லிகாவுக்குக் கால் கிலோ மக்கன் பேடா இனிப்பு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இதுவரை உனக்குத் தெரிந்த கதைதான்.

இனி தெரியாதது. நீ பிளஸ் டூ எழுதின வருடம் மாத்திரையை நிறுத்தினோமே. "டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்று நான் உன்னிடம் சொன்னேன். அவர் சொல்லவில்லை, சாமு. நான்தான் நிறுத்தினேன். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த துண்டுக் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கல்லீரல், ரத்தம், நுரையீரல் என்று பொடி எழுத்தில் வரிசையாக இருந்தது. படித்தவள் என்கிற திமிர் கொஞ்சம், பயம் நிறைய. நான்கு வருடம் ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளைக்கு எதற்கு இந்த விஷம் என்று தோன்றிவிட்டது. உன்னிடம் கேட்டிருக்கலாம், உனக்குப் பதினேழு வயது. டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம், ஒண்ணேகால் மணி நேர பஸ். இரண்டும் செய்யாமல் ஒரு பொய் சொன்னேன். எட்டு மாதம். உன் இடது கை மோதிர விரல் முருங்கைக்காய் மாதிரி விறைத்தபோது நீ, "மருந்து தோத்துப்போச்சும்மா" என்றாய். மருந்து தோற்கவில்லை. மருந்தே இல்லை. நுனி மூட்டில் ஒரு பக்கம் அரித்து, மறுபக்கம் ஒட்டி, இன்று நிமிராமல் நிற்கிறதே அந்த விரல், அது நோய் செய்ததில் பாதி, நான் செய்ததில் பாதி.

அந்த விரலைக் காட்டப் போன அன்று, நீ எக்ஸ்ரே அறைக்குள் இருந்தபோது டாக்டரம்மா சீட்டைப் புரட்டிவிட்டு, "யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார். "நான்தான்" என்றேன். திட்டவில்லை. "காலேஜ் போற பையன். அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நாளைக்கு அவனுக்கு மருந்து மேலயும் நம்பிக்கை இருக்காது, என் மேலயும் இருக்காது" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஐந்து வருடம் ஆகிவிட்டது. பிறகு ஒரு வருடம் ஊசியும் மாத்திரையும், அதன்பின் மாத்திரை மட்டும் என்று நீ ஒன்றுகூடத் தவறவிடாமல் போட்டாய். நிமிராத விரலைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லவேண்டும் என்று நினைப்பேன். நீ அதே விரலால் பைக்கின் கிளட்சைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாய்.

அதே உடம்பைத்தான் ஊரே பார்த்து வாய் பிளந்தது. ரெண்டாயிரத்து ஆறில் சிக்குன்குனியா வந்து நம் தெருவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததே! அப்பா படுக்கையில், நான் தவழ்ந்துபோய் அடுப்பு பற்றவைத்தேன். தண்ணீர் லாரி வந்தால் குடம் தூக்க ஆளில்லை. மூட்டு நோயாளி என்று பதின்மூன்று வயதிலேயே பெயர் வாங்கின நீ மட்டும் கொசுவுக்கு எப்படியோ தப்பி, வீடு வீடாகக் குடம் சுமந்தாய். எதிர்வீட்டு ஜமீலா அக்கா வாசற்படியில் உட்கார்ந்தபடியே கத்தினார்: "அல்லாவே, இன்னா அநியாயம் இது! நல்லா இருந்த எங்களுக்கெல்லாம் மூட்டு போய்டுச்சு, மூட்டு போன பையன் குதிரையாட்டம் திரியறான். ஏம்மா, இவன் போடுற மாத்திரையில நமக்கும் ரெண்டு குடேன், பேஜாரா கீது!" முழங்கால் வலியோடு அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு மாதிரி வாழ்க்கையில் சிரித்ததில்லை. உன் தோளில் குடம் இருந்தது, சாமு. குதிகால் முழுதாகத் தரையில் பதிந்தது.

அதனால் எனக்குச் சொல்ல உரிமை இருக்கோ இல்லையோ, சொல்கிறேன். புனேவில் முதல் மாதமே ஒரு மூட்டு டாக்டரைக் கண்டுபிடி. அவரிடம் முழுக் கதையும் சொல், நான் நிறுத்தின எட்டு மாதத்தையும் சேர்த்து. கூட வேலை செய்கிற தோஸ்துகள் குடிக்கக் கூப்பிட்டால், இந்த மாத்திரைக்கும் அதற்கும் ஆகாது என்று வெட்கப்படாமல் சொல். ஒரு நாள் ஒரு பெண்ணைப் பிடித்துப்போனால் உன் நகத்தையும் விரலையும் முதலில் நீயே காட்டு. என்னை மாதிரி முழுக்கைச் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவள் பதினைந்து வருடம் கழித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். காலையில் கால் வரமாட்டேன் என்றால் எத்தனை நிமிடம் என்று பார். சோம்பல் என்று உன்னை நீயே திட்டாதே. அதை நான் போதுமான அளவு செய்துவிட்டேன்.

இவ்வளவும் எழுதவேண்டும் என்று நேற்றுதான் முடிவு செய்தேன். காரணம் நீதான். ஊருக்குப் போகுமுன் ரத்தப் பரிசோதனை செய்துவிடும்படி டாக்டரம்மா சொல்லியிருந்தாரே, உன்னை நம்பாமல், நானே சொல்லி வைக்கலாம் என்று வேலூர் லாங் பஜார் பக்கத்து லேபுக்கு நேற்று போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "சாமுவேல் அம்மாதானே? அவரு வியாழக்கிழமையே வந்து ரத்தம் குடுத்து, ரிப்போர்ட்டும் வாங்கிக்கினு போய்ட்டாரே. எல்லாம் நார்மல். பூனாவுல எந்த லேப் நல்லாருக்கும்னு எங்க சார்கிட்ட கேட்டு எழுதியும் வாங்கிக்கினாரு." "எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன். "இன்னாம்மா நீங்க? இருபத்திரண்டு வயசு ஆளு ரத்தம் குடுக்க அம்மாகிட்ட லீவ் லெட்டர் வாங்கிக்கினா வருவாரு?"

வெளியே வந்தேன். லாங் பஜாரில் கைவண்டிக்காரர்கள் வழி விடு வழி விடு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஊரில் செய்ய ஒரு வேலையும் இல்லை. ஒன்பது வருடத்தில் வேலூருக்கு வந்து வேலை இல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சும்மா நடந்தேன். பூக்காரி கூப்பிட்டாள் என்று இரண்டு முழம் மல்லிகை வாங்கி அங்கேயே தலையில் வைத்துக்கொண்டேன். உன் மருந்தின் பொறுப்பை நீயே எடுத்துக்கொண்டுவிட்டாய். இனி என் பொய்யைத் தெரிந்துகொண்டாலும் நீ மாத்திரையை விடமாட்டாய். இத்தனை வருடம் வாயை அடைத்திருந்த பயம் அந்தத் தெருவில்தான் போனது.

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். ரயிலில் படிப்பாய், கோபம் வரும், புனே போய்ச் சேருவதற்குள் ஆறிவிடும், நான் தப்பித்துவிடுவேன். அப்படிச் செய்யவில்லை. உன் மேஜையில் கம்ப்யூட்டர் மேலேயே வைக்கிறேன். நீ வெளியே போய்விட்டு வருகிற சத்தம் கேட்கிறது. படி. படித்து முடித்ததும் நேராக வா, என்ன கேட்கவேண்டுமோ கேள், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கேள். நான் சமையலறையில்தான் இருக்கிறேன். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

அம்மா